கிருமிகளைக் கொல்லும் புற ஊதா ஒளி: எங்கே பயன்படும், எங்கே ஆபத்து?

கொவிட் தொற்றுக் காலத்தில் புற ஊதா விளக்குகள் உலகெங்கும் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. கையில் பிடிக்கும் கோல், கைபேசியை வைக்கும் பெட்டி, அறையின் நடுவே நிறுத்தும் விளக்கு எனப் பல வடிவங்களில் இன்றும் அவை கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் இந்த ஒளி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

புற ஊதா ஒளி ஏ, பீ, சீ என மூன்று வகைப்படும். 200 முதல் 280 நனோமீற்றர் வரையான அலைநீளம் கொண்ட சீ வகையே கிருமிநீக்கத்துக்குப் பயன்படுகிறது. சூரியனிலிருந்து வரும் இவ்வகைக் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால், விளக்குகள் மூலமே அவற்றைப் பெற வேண்டியுள்ளது. வழமையான பாதரச விளக்குகள் 254 நனோமீற்றரில் ஒளிர்கின்றன. இவ்வொளி பக்டீரியா, வைரஸ்களின் மரபணுப் பொருளைச் சிதைப்பதால் அவை பெருக முடியாமல் போகின்றன.

பழைய பரிசோதனைகள்

இது புதிய தொழில்நுட்பம் அல்ல. 1930களின் இறுதியில் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிலடெல்பியா பகுதிப் பாடசாலைகளின் வகுப்பறைகளில் இவ்விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் சின்னமுத்து பரவியபோது, விளக்குகள் இருந்த வகுப்புகளில் நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் நியூயோர்க் மாநிலக் கிராமப்புறப் பாடசாலைகளில் பின்னர் செய்த பரிசோதனையில் அதே வெற்றி கிடைக்கவில்லை. பிள்ளைகள் பஸ்ஸில் நெருக்கமாகப் பயணித்தமை அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. விளக்கு தான் இருக்கும் அறையை மட்டுமே காக்கும் என்பதே இதன் பாடம்.

அடுத்து, பல்டிமோர் வைத்தியசாலை ஒன்றில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய் வார்ட்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப் பன்றிகளின் கூடுகளுக்குச் செலுத்தினர். அக்காற்றை அப்படியே சுவாசித்த விலங்குகள் பல தொற்றுக்குள்ளாகின. புற ஊதா ஒளியூடாகச் சென்ற காற்றைச் சுவாசித்தவை தப்பின.

சரியான பயன்பாடு

ஆட்கள் இருக்கும் அறைகளில் விளக்கைத் தலைக்கு மேலே, இரண்டு மீற்றருக்கும் அதிக உயரத்தில், கதிர்கள் கீழே படாதவாறு பொருத்துகின்றனர். மூச்சோடு வெளியேறிய காற்று மேலெழும்போது அங்கே சுத்தமாகிறது. காற்று மேலும் கீழும் கலப்பதற்கு மின்விசிறி உதவும். காசநோய் சிகிச்சை நிலையங்களுக்கும் நெரிசலான காத்திருப்பு அறைகளுக்கும் இது பொருத்தமானது.

கவனிக்க வேண்டியவை

- இக்கதிர்கள் கண்ணையும் தோலையும் தாக்கும். கைகளையோ உடலையோ இவற்றால் சுத்தம் செய்ய வேண்டாம் என உலக சுகாதார அமைப்பு எச்சரித்துள்ளது.
- ஒளி நேரடியாகப் படும் இடத்தில் மட்டுமே கிருமிகள் அழியும். நிழல் விழும் இடத்திலும், அழுக்கும் தூசும் படிந்த பரப்பிலும் பயன் குறைவு.
- ஒரு பொருளின் மேலாகக் கோலை ஓரிரு செக்கன்கள் அசைப்பது போதாது. தூரம் கூடக்கூட ஒளியின் வலிமையும் குறையும்.
- சில விளக்குகள் ஓசோன் வாயுவை வெளியிடும். அது நுரையீரலுக்குத் தீங்கானது.
- நீல நிறத்தில் ஒளிரும் விளக்குகள் எல்லாம் கிருமிகளைக் கொல்வதில்லை.

222 நனோமீற்றர் விளக்குகள் மனிதருக்குக் குறைந்த தீங்கே விளைவிக்கும் எனக் கருதப்பட்டு ஆராயப்பட்டு வருகின்றன.

புற ஊதா ஒளி காற்றோட்டத்துக்குத் துணையே தவிர மாற்றீடு அல்ல. வீட்டுக்கும் வகுப்பறைக்கும் முதற்பாதுகாப்பு திறந்த ஜன்னல்களே. அதற்கு மேலும் விளக்கு தேவைப்படும் இடங்களில், தகுதியானவர்களைக் கொண்டு பொருத்தி, ஒளியின் அளவைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும். மலிவான விளக்கொன்றை நம்பி ஜன்னலை மூடிவிடுவது நோய்க்குக் கதவைத் திறந்துவிடுவதாகவே முடியும்.