லினக்ஸில் தமிழ்ப் பேச்சொலி
லினக்ஸ் கணினியில் எழுத்தை ஒலியாக்கும் மென்பொருள் அமைப்பு. திரைவாசிப்பான் ஓர்கா, உரையை ஸ்பீச் டிஸ்பாச்சர் என்னும் இடைநிலை மென்பொருள் வழியாக ஒலிப்பானுக்கு அனுப்பும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையூர்கள் போல இணையத்தை நம்பியிருக்க முடியாத இடங்களுக்கு ஈஸ்பீக் என்ஜி என்னும் ஒலிப்பானே ஏற்றது: சில மெகாபைட் அளவே உடையது, நிறுவியபின் இணையம் வேண்டாம், பழைய கணினியிலும் தமிழ் பேசும். குரல் இயந்திரத்தனமானது என்ற குறை மெய்தான். சென்னை ஐஐடியில் உருவான தமிழ்க் குரல்கள், மனிதர் பேச்சுப் பதிவிலிருந்து பிறந்தவை என்பதால், காதுக்கு இதமானவை. ஆனால் பார்வையற்ற வாசகர் பலர் வேகத்தைக் கூட்டியே கேட்கிறார்கள். ஈஸ்பீக் என்ஜியின் விதிகளால் அமைந்த ஒலி அந்த வேகத்திலும் எளிதில் சிதையாது. கடல், தங்கம், பகல் ஆகியவற்றில் ககரம் வேறுவேறாக ஒலிப்பதை இத்தகைய விதிகளால் கையாள முடியும். பிறமொழிப் பெயர்களில்தான் தடுமாற்றம். ஈஸ்பீக் என்ஜியை நிறுவியதும் ஓர்காவின் குரல் அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.