மலையடியில பாட்டரி

சேலத்துலேர்ந்து ஏற்காட்டுக்கு ரெண்டு பாதை. பெரும்பாலான ஜனங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கற பாதையில போவாங்க. கூட்டம் பிடிக்காத ஆசாமிங்க அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியா ஏறுவாங்க. அடியேன் ரெண்டாவது கட்சி :-)

இந்தச் சேர்வராயன் மலையிலயும் கொல்லிமலையிலயும் வெட்டின பாக்சைட்தான் மேட்டூர் மால்கோவுல அலுமினியம் ஆச்சு. 1965-ல ஆரம்பிச்ச ஆலை, 2008-ல உருக்கறதை நிறுத்திட்டாங்க. அந்த அலுமினியத்தை வச்சு பாட்டரி பண்ணலாம்ங்கறது பழைய ஆசை. ஒரு பக்கம் உலோகம், இன்னொரு பக்கம் வெளிக்காத்துல இருக்கற ஆக்சிஜன். பாதிச் சரக்கைச் சுமக்கவே வேண்டாம், அதனால எடை கம்மி. காது கேக்கற மெஷின்ல போடற பொத்தான் பாட்டரி இந்த ஜாதிதான், அதுல உலோகம் துத்தநாகம்.

அலுமினியத்துல ஒரு கிலோவுக்கு ஏட்டுக்கணக்குல 8 யூனிட் கரண்ட் வரணும். 1962-லயே சாலமன் ஸாரம்ப் இது சாத்தியம்னு காட்டினார். சிக்கல் என்னன்னா, இதைத் திருப்பி சார்ஜ் பண்ண முடியாது. கரண்டை எதிர்ப்பக்கமா விட்டா அலுமினியம் படியறதுக்கு முன்னாடி தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜனா போயிடும். தகடு தீந்தா புதுத் தகடு போடணும். பழசை மறுபடி உலோகமாக்க மேட்டூர் மாதிரி உருக்காலைக்குத்தான் போகணும், கிலோவுக்கு 13, 14 யூனிட் செலவு. இதையும் 'ரீசார்ஜ்'னு சிலர் எழுதறாங்க. எனக்கு ஒப்பலை.

அப்ப திருப்பி சார்ஜ் ஆகறது எது? மலை மேலேர்ந்து சேலம் பக்கம் பார்த்தா தெரியற கஞ்சமலையில இருக்கே, இரும்பு! 1830-கள்ல ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டை ஆலைக்கு எடுத்துட்டுப் போனது சேலத்து இரும்புக்கல்தான். இரும்பு துருப்பிடிக்கும்போது கரண்ட், சார்ஜ் பண்ணா துரு மறுபடி இரும்பு. தத்துவம் சுலபம். ஆனா சார்ஜ் பண்ணும்போது இங்கயும் ஹைட்ரஜன் வந்து பாதிக் கரண்டைத் தின்னுடும், கரண்ட் எடுக்கும்போது இரும்பு மேல ஒரு தோல் படிஞ்சு மக்கர் பண்ணும்.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க வர்றாங்க. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல விஜயமோகனன், சுக்லா, சத்யநாராயணா மூணு பேரும் இரும்புத் தகட்டுல கொஞ்சம் சல்ஃபைடு சேர்த்தா என்ன ஆகும்னு 1990-ல எழுதினாங்க. கந்தகம் அந்தத் தோலை உடைக்கும். விஜயமோகனன் பின்னாடி காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கே இயக்குநரா வந்தார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து உண்டான ஆய்வகம் அது. 2012-ல தெற்கு கலிபோர்னியா பல்கலையில ஸ்ரீ நாராயண் குழு பிஸ்மத் சல்ஃபைடு போட்டுப் பார்த்தப்ப ஹைட்ரஜன் பத்துல ஒரு பங்காச்சு. இரும்புத் தகட்டுல சார்ஜ் திறன் 96 சதவீதம். ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் குழம்பு மாறற மாதிரிதான்.

காத்துப் பக்கத் தகடுதான் இன்னும் தொல்லை. சார்ஜ் பண்றப்ப அங்க வர்ற ஆக்சிஜன் கரியை அரிச்சுடுது, காத்துல இருக்கற கரியமில வாயு காரக்கரைசலைக் கெடுக்குது. கார்ல வைக்க இந்த பாட்டரி கனம். ஆனா காத்தாலை கரண்டை நாள்கணக்குல சேத்து வைக்கறதுக்கு எடை ஒரு பொருட்டா?

கஞ்சமலையைத் தோண்டணும்னு பேச்சு வந்தப்ப ஊர்க்காரங்க எதிர்த்தாங்க. நானும் அவங்க பக்கம்தான். இந்த பாட்டரிக்காக அந்த மலையைத் தொட வேண்டியதில்ல, இரும்பு எங்கயும் கிடைக்குது.