சகலை

மனைவியின் அக்காளையோ தங்கையையோ கட்டியவர் சகலை. சகலன், சகலபாடி என்றும் சொல்வதுண்டு. பெண் எடுத்த வீட்டால் மட்டுமே வந்த உறவு என்பதால் இதை மாமன், மச்சான் வரிசையில் வைத்துப் பார்ப்பவர்கள் பலர். அது சரியல்ல. தமிழ் உறவுமுறையில் சகலைக்கு உரிய இடம் அண்ணன் தம்பி பக்கம். பிள்ளைகள் கூப்பிடும் முறையே இதற்குச் சான்று. அம்மாவின் தங்கை சித்தி, அவள் கணவர் சித்தப்பா. அப்பாவின் உடன்பிறந்த தம்பியும் அதே சித்தப்பாதான். மூத்த சகலை இதே கணக்கில் பெரியப்பா ஆகிறார். எனவே சகலைமாரின் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. மனைவியின் உடன்பிறந்தவரான மச்சானோ அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். முறைமணம் உள்ள சமூகங்களில் அவர் வீட்டோடு பெண் கொடுத்து எடுக்கலாம். காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்பவரும் அவரே. சகலை எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அந்த உரிமை அவருக்கு இல்லை. தமிழ் உறவுப் பெயர்கள் மணம் கொள்ளத்தக்கவர், தகாதவர் என்ற பிரிவினையில் எழுந்தவை என்று பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953இல் வாதிட்டார். அந்தப் பிரிவினை மணவழி வந்த உறவையும் எப்படி இரண்டாகப் பிளக்கிறது என்பதைச் சகலையும் மச்சானும் அருகருகே நிற்கும்போது காணலாம்.

சகலைக்குச் சொத்தில் பங்கில்லை, குலதெய்வம் வேறு, சாவுத் தீட்டும் பங்காளிக்குப் போல இல்லை. பிறகு எப்படிச் சகோதர முறை என்று கேட்கலாம். பங்காளி என்பதும் அண்ணன் தம்பி முறை என்பதும் ஒன்றல்ல என்பதே பதில். பெரியம்மா மகனுக்கும் நம் சொத்தில் பங்கில்லை, அவனை அண்ணன் என்றுதானே அழைக்கிறோம்? சொந்தத்தில் கல்யாணம் குறைந்துவிட்டதால் இந்தக் கணக்கு காலாவதியாகிவிட்டது என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் அக்காவும் தங்கையும் வேறு வேறு ஊரிலும் சாதியிலும் வாழ்க்கைப்பட்டாலும் பிள்ளை சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறது. முன்பின் தெரியாத இரண்டு ஆண்களைக்கூட இம்முறை அண்ணன் தம்பியாக்கிவிடுகிறது. ஏற்கெனவே மாமன் மச்சானாக இருந்த இருவர் அக்கா தங்கையைக் கட்டும்போது எழும் குழப்பம் இதை இன்னும் தெளிவாக்கும். பழைய முறைப்படி ஒருவர் மற்றவரின் பிள்ளைக்கு மாமா, புதிய முறைப்படி பெரியப்பா அல்லது சித்தப்பா. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. எதைக் கொள்வதென்று வீட்டுப் பெரியவர்கள்தான் பேசி முடிவுசெய்ய வேண்டும்.