பேடெக்கரின் நட்சத்திரங்கள்

வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்கிறவனைக் கேலி செய்வது இருபதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தின் ஆரம்பகாலப் பொழுதுபோக்குகளில் ஒன்று. ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'எ ரூம் வித் எ வ்யூ' (1908) நாவலில், ஃப்ளாரன்ஸுக்கு வந்திறங்கிய லூஸியின் கையிலிருந்து பேடெக்கரைப் பிடுங்கிக்கொள்கிறாள் மிஸ் லாவிஷ். உண்மையான இத்தாலி புத்தகத்தில் அகப்படாது என்பது அவள் கட்சி. எலியட் 1919இல் வெளியிட்ட, வெனிஸில் நிகழும் ஒரு கவிதையின் தலைப்பிலேயே பேடெக்கரோடு ஒரு பயணியை நிறுத்திவைத்தார். வாசிக்கிற நாமும் யோசிக்காமல் இந்தச் சிரிப்பில் கலந்துகொள்கிறோம். எனக்குக் கலந்துகொள்ளப் பிரியமில்லை. பேடெக்கரின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, மிகக் கடுமையானதும்கூட. ஆனால் அது இதுவல்ல.

இந்தப் புத்தகம் யாருக்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களைப் பார்த்துவருவது பிரபு வீட்டுப் பிள்ளைகளின் படிப்பில் ஒரு பகுதி. கூட ஒரு ஆசிரியர் போவார். பையில் அறிமுகக் கடிதங்கள் இருக்கும். ரோமில் எந்தச் சிலைக்கு முன்னால் நின்று என்ன நினைக்க வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லிவிடுவார். 1827இல் ரைன் நதியில் கொலோனுக்கும் மைன்ஸுக்கும் இடையே நீராவிப் படகு தொடர்ந்து ஓட ஆரம்பித்தது. 1835இல் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் முதல் ரயில்கள் ஓடின. பயணம் மலிவானது. கடிதம் எழுதித் தர யாருமில்லாத, ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாத ஒரு வர்க்கம் புறப்பட்டது: பள்ளிக்கூட வாத்தியார், சிறு வியாபாரி, பாதிரியார், குமாஸ்தா, கல்யாணமாகாத பெண்கள். அவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தாமஸ் குக்கினுடையது. 1841இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனவர், 1863இல் சுவிட்ஸர்லாந்து வரை கூட்டிப்போய்விட்டார். மற்றது புத்தகத்தை வாங்கிக்கொண்டு தனியாகப் போவது.

புத்தக வழியை அமைத்தவர்கள் மூன்று பேர். மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1820இல் வெளியான தம் கண்டப் பயணநூலில் ஓவியங்களின் தரத்தை ஆச்சரியக்குறிகளால் குறித்தார். அதை வெளியிட்ட மர்ரே குடும்பத்தின் வாரிசான மூன்றாம் ஜான் மர்ரே, 1836இல் தம் கைப்பட எழுதிய கைநூலைக் கொண்டுவந்தார். கோப்லென்ஸில் 1827இல் புத்தகக்கடை தொடங்கிய கார்ல் பேடெக்கர், திவாலான ஒரு பதிப்பகத்தை வாங்கும்போது அதனுடன் வந்த ரைன் பயணநூலைத் திருத்தி 1835இல் மறுபதிப்பாக வெளியிட்டார். பின்பு மர்ரேயின் முறையைக் கடன் வாங்கினார், வாங்கியதை மறைக்கவில்லை. ஆச்சரியக்குறி நட்சத்திரமாயிற்று. ஒரு நட்சத்திரம் என்றால் பார்க்க வேண்டியது. இரண்டு என்றால் தவறவிடக் கூடாதது. மூன்று நட்சத்திரம் பேடெக்கரில் கிடையாது. இது பின்னால் தேவைப்படும்.

பயணியை வழிகாட்டிகள், வண்டிக்காரர்கள், விடுதிக்காரர்கள் ஆகியோரின் கையிலிருந்து விடுவித்துத் தன் காலில் நிற்கச் செய்வதே தன் நோக்கம் என்று முன்னுரைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறது பேடெக்கர். நான் ஐரோப்பா போனதில்லை. எல்.எஃப்.சி.யில் ரயிலேறும் வங்கிக் குமாஸ்தா. அதனாலேயே இந்த வாக்கியத்தின் மதிப்பு எனக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். அன்னிய ஊர் ரயில்நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறவனின் முதல் உணர்ச்சி அழகைப் பற்றியதல்ல. ஏமாறப்போகிறோம் என்ற பயம். பேடெக்கர் அந்தப் பயத்தை மதித்தது. பாரிஸ் அல்லது லண்டன் புத்தகத்தைத் திறந்தால் மாதா கோவில் முதலில் வராது. நாணய மாற்று, ரயில்நிலையம், வண்டிச் சத்தம், விடுதிகள், அறை வாடகை ஆகியவைதான் முதலில். இருக்கிற நாட்களை எப்படிப் பங்கிடுவது என்பதற்குத் தனிப் பகுதி உண்டு. எந்த மியூசியம் எந்தக் கிழமை திறந்திருக்கும், எந்த நாள் இலவசம் என்பதை வைத்துப் பயணத்தை வீட்டிலேயே காகிதத்தில் போட்டுக்கொள்ளலாம். சிவப்புத் துணி அட்டை, மெல்லிய தாள், மடித்து வைத்த வரைபடங்கள். கோட்டுப் பையில் அடங்கும். விடுதிக்காரர்கள் பணம் கொடுத்து நல்ல பெயர் வாங்க முடியாது. தவறுகளை எழுதித் தெரிவிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். கார்ல் தானே நேரில் போய்ப் பார்த்தார். மிலான் தேவாலயத்தின் கூரைக்கு ஏறும்போது, இருபது படிக்கு ஒரு பட்டாணியை அரைச்சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டே போனாராம், எண்ணிக்கை தவறக்கூடாது என்று.

இப்போது லூஸியிடம் திரும்புவோம். பேடெக்கரைப் பிடுங்கிக்கொண்ட மிஸ் லாவிஷ் தானே வழி தவறுகிறாள்; கடைசியில் யாரோ அறிமுகமானவரைப் பார்த்ததும் லூஸியை விட்டுவிட்டு ஓடுகிறாள். சாண்டா க்ரோச்சே தேவாலயத்தில் லூஸி தனியாக நிற்கிறாள். எந்தக் கல்லறை சிறப்பானது என்று சொல்ல ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் இத்தாலியின் வசீகரம் அவளைப் பற்றிக்கொள்கிறது என்று ஃபார்ஸ்டர் கதையைக் கொண்டுபோகிறார். நாவலுக்கு அது சரி. ஆனால் புத்தகத்தைப் பிடுங்கியவள் இத்தாலி ஏற்கனவே தன் கைக்குள் இருப்பதாக நினைப்பவள். பறிகொடுத்தவள் முதல்முறையாக வந்தவள். அனுபவம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்று சொல்ல முடிகிறவர்கள், பெரும்பாலும் அதற்கான செலவை வேறு யாரோ முன்பே கட்டிவிட்டவர்கள்.

நட்சத்திரம் ரசனையைக் கெடுக்கும் என்ற வாதம் நமக்கும் பழக்கமானதே. க.நா.சு. பட்டியல் போட்டபோது அவரைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் ஒரு பட்டியல் எழுத வைத்த, படிக்க வைத்த, சண்டை போட வைத்த அளவுக்கு எத்தனை ஆய்வுகள் செய்திருக்கின்றன? நட்சத்திரம் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு சொன்னவன் நேரில் போய்ப் பார்த்திருக்கிறான், சொன்னதற்குப் பொறுப்பேற்கிறான் என்ற வரையில் அதில் ஒரு பாவமும் இல்லை.

பேடெக்கரின் வரலாற்றில் உண்மையான சிக்கல் 1940இல் ஆரம்பமாகிறது. அந்த வருடம் பிப்ரவரி 21ஆம் தேதி ஹிட்லர் ஜெனரல் ஃபால்கன்ஹார்ஸ்டைக் கூப்பிட்டு, நார்வே படையெடுப்புக்கு அன்று மாலை 5 மணிக்குள் திட்டம் கேட்டார். ஜெனரலுக்கு நார்வே தெரியாது. கடைக்குப் போய் நார்வேக்கான பேடெக்கரை வாங்கிக்கொண்டு விடுதி அறைக்குப் போனதாகப் பின்னாளில் அவரே சொன்னார். துறைமுகங்கள் எவை, எங்கே இறங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஏப்ரல் 9இல் படை இறங்கியது. முன்பின் தெரியாத ஊரில் யாரையும் கேட்காமல் நுழையக் கற்றுத்தருவதுதான் அந்தப் புத்தகத்தின் வேலை. அதையே அது செய்தது.

1942 மார்ச் கடைசியில் ஆங்கில விமானங்கள் லூபெக் என்ற பழைய நகரத்தை எரித்தன. பதிலுக்கு ஏப்ரலிலிருந்து எக்ஸெட்டர், பாத், நாரிச், யார்க், கான்டர்பரி ஆகிய ஊர்களில் குண்டு விழுந்தது. 1,600க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். பாத்தின் அசெம்ப்ளி ரூம்ஸும் யார்க்கின் கில்ட்ஹாலும் எரிந்தன. பேடெக்கரில் மூன்று நட்சத்திரம் பெற்ற ஒவ்வொரு கட்டிடத்தையும் குண்டு போட்டு அழிப்போம் என்று ஜெர்மன் வெளியுறவு இலாகாவின் பத்திரிகை அதிகாரி ஒருவர் சொன்னார். 'பேடெக்கர் தாக்குதல்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மூன்று நட்சத்திரம் இல்லவே இல்லை. புத்தகத்தின் பெயரைச் சொல்லி மிரட்டியவர் புத்தகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

இந்த இரண்டிலும் பேடெக்கர் குற்றவாளியல்ல. ஒன்றில் அது கருவி. மற்றொன்றில் வெறும் பெயர். யார் கையில் போகும் என்பது எழுதுகிறவனின் வசத்தில் இல்லை. மூன்றாவது விஷயம் வேறு மாதிரி. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் ஒரு பகுதிக்கு 'ஜெனரல்கூவர்னமான்' என்று பெயரிட்டு ஹான்ஸ் ஃப்ராங்க் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய தூண்டுதலில் 1943இல் அந்தப் பிரதேசத்துக்கு ஒரு பேடெக்கர் வெளிவந்தது. அதே வடிவம்தான். ரயில், விடுதி, வரைபடம், தேவாலயம் எல்லாம் உண்டு. கூடவே, இங்கே இப்போது யூதர்கள் இல்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு, விடுதி வாடகையைச் சொல்கிற அதே குரலில். முந்தைய வருடம் மார்ச்சிலும் ஏப்ரலிலும் லுப்ளின் கெட்டோவைக் காலி செய்து, பெரும்பாலோரைப் பெல்ஸெட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றியிருந்தார்கள். யுத்தத்துக்கு முன் அந்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர்.

அந்தக் குறிப்பு பொய்யல்ல என்பதுதான் பயங்கரம். பேடெக்கர் எப்போதும் போலத் துல்லியமாக இருந்திருக்கிறது. பழைய தகவலைத் திருத்தியிருக்கிறது. யாரோ ஒருவர் நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். விடுபட்டது எழுவாய். யார் இல்லாமல் செய்தார்கள் என்பது மட்டும் வாக்கியத்தில் இல்லை.

நாள் முழுக்க எழுவாய் இல்லாத வாக்கியங்களை எழுதிப் பிழைக்கிறவன் நான். கணக்கு முடிக்கப்பட்டது. தொகை பற்று வைக்கப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இந்த நடை பெரும்பாலும் தீங்கற்றது, சௌகரியமானது. விமர்சனத்திலும் இப்போது இதுதான் கௌரவமான நடை: இவ்வாறு கருதப்படுகிறது, இது ஒதுக்கப்பட்டது. கருதியது யார், ஒதுக்கியது யார்? பட்டாணியை எண்ணிக்கொண்டு படியேறிய மனிதனின் நட்சத்திரத்தோடு நாம் சண்டை போடலாம், அதன் பின்னால் ஒரு ஆள் நிற்கிறான் என்பதால். 1943இன் வாக்கியத்தோடு சண்டை போட அங்கே யாரும் நிற்கவில்லை.

அந்த வருடம் டிஸம்பர் 4ஆம் தேதி ஆங்கில விமானங்கள் லைப்ஸிக்கைத் தாக்கின. 1872 முதல் அங்கே இயங்கிவந்த பேடெக்கர் நிறுவனத்தின் கட்டிடமும், தலைமுறைகளாகச் சேர்த்த ஆவணங்களும் எரிந்துபோயின. புத்தகங்கள் உலகமெங்கும் அலமாரிகளில் இருந்தன, அவை தப்பித்தன. நல்ல பதிப்புகளோடு அந்த ஒரு பதிப்பும்.