காமாலைக்கும் மகோதரத்துக்கும் நடுவே

‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்னும் பழமொழியை வகுப்பறையில் நாம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். உண்மையில் காமாலை கண்டவனுக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை; உலகத்துக்குத்தான் அவன் கண் மஞ்சளாகத் தெரிகிறது. பழமொழி அந்த இடத்தில் சற்றே சறுக்கியிருந்தாலும் ஒரு செய்தியைச் சரியாகவே காட்டிவிடுகிறது. ஈரலுக்கு வரும் கேட்டை நம் மக்கள் நிறத்தைக் கொண்டே அறிந்தார்கள். கண்ணைப் பார், நகத்தைப் பார், சிறுநீரைப் பார் என்பதே முதற்சோதனை. மறுமுனையில் இன்னொரு சொல் இருந்தது: மகோதரம். வயிற்றில் நீர் கோத்துப் பெருத்து, கைகால்கள் சூம்பிப் போகும் நிலை. சித்த மருத்துவம் காமாலையையும் மகோதரத்தையும் தனித்தனி நோய்களாக வைத்து வகை பிரித்துப் பேசியது.

இவ்விரு சொற்களுக்கும் நடுவே, நிறமும் வலியும் இல்லாமல் இருபது முப்பது ஆண்டுகள் ஈரலுக்குள் குடியிருக்கக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதற்கு நம்மிடம் பெயர் இல்லை. நம்மிடம் மட்டுமன்று, மருத்துவ உலகுக்கே 1989 வரை அதற்குச் சொந்தப் பெயர் இல்லை. ஹெபடைடிஸ் சி என்று இன்று வழங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நடந்த இரத்த தான முகாமில் நம் தோழர், வேறொரு துறையின் விரிவுரையாளர், வழக்கம்போல் முதல் ஆளாகக் கையை நீட்டினார். சில நாள் கழித்து இரத்த வங்கியிலிருந்து தனியே வரச் சொன்னார்கள். திரும்பி வந்தவர் நம்மிடம் சொன்ன முதல் வார்த்தை, “சார், எனக்குக் காமாலையே வந்ததில்லையே” என்பதுதான். மதுவைத் தொடாதவர், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலை வரை போய் வருபவர். மறுநாள் காலை முதல் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கத் தொடங்கினார். மூன்று மாதம் விடாமல் குடித்தார். இக்கட்டுரை ஒருவகையில் அந்த மூன்று மாதத்தைப் பற்றியது.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1960களில் அமெரிக்க மருத்துவர் பாரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டார். அது ஹெபடைடிஸ் பி வைரசின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1973இல் ஏ வகை வைரஸ் மின்னணு நுண்ணோக்கியில் அகப்பட்டது. இரண்டுக்கும் சோதனைகள் வந்தபின், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் ஈரல் இனிப் பழுதாகாது என்றே நம்பினார்கள். பழுதாகிக்கொண்டுதான் இருந்தது. ஹார்வி ஆல்டரும் அவருடைய தோழர்களும் அந்த நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, இது ஏயும் அன்று, பியும் அன்று என்று 1975இல் அறிவித்தார்கள். அதையே பெயராகவும் வைத்துவிட்டார்கள். ‘இதுவன்று, இதுவன்று’ என விலக்கி விலக்கிப் பொருளைச் சுட்டும் முறை நம் தத்துவ நூல்களுக்குப் புதிதன்று. மருத்துவத்துக்கு அது தோல்வியின் ஒப்புதல். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1989இல், மைக்கேல் ஹாட்டன், குயி-லிம் சூ, ஜார்ஜ் குவோ, டேனியல் பிராட்லி ஆகியோர் வைரசைக் கண்ணால் காணாமலேயே அதன் மரபுத்துணுக்கைப் பிடித்து அடையாளம் கண்டனர். சூவுக்கும் குவோவுக்கும் இடமில்லாத கனடியப் பரிசு ஒன்றை 2013இல் ஹாட்டன் மறுத்தார் என்பதை இங்கே குறிக்காமல் போக மனம் வரவில்லை. 2020இல் ஆல்டர், ஹாட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிளம்பர்க் தம் நோபல் பரிசைப் பெற்ற ஆண்டு 1976. அதே ஆண்டில்தான் நம் மேற்கு எல்லையில் நிற்கும் கல்வராயன் மலை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர் முதலான ஜாகீர்தாரர்களின் பிடியிலிருந்து முழுமையாக அரசின் கைக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு பிந்தித் தொடங்கின என்பதை அளக்க இது ஒரு கோலாகப் பயன்படும்.

இனிக் கீழாநெல்லிக்கு வருவோம். நம் தோழரின் நம்பிக்கை வெறும் பாட்டி வைத்தியம் அன்று. அதற்குச் சென்னையிலேயே ஓர் ஆய்வு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞரும் பிற்காலத்தில் அதன் துணைவேந்தராக விளங்கியவருமான எஸ்.பி. தியாகராஜன், தம் குழுவினரோடும் பிளம்பர்க்கோடும் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி வைரசை நெடுநாளாகச் சுமந்திருந்தோருக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார். முடிவு 1988 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் வந்தது. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் காணாமற் போயிருந்தது. வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. நம் கொல்லைப்புறச் செடி உலகத்தின் தலைசிறந்த மருத்துவ இதழில் ஏறிய நாள் அது. பெருமைப்படாத தமிழர் யார்?

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பிற இடங்களிலும் இதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவு கிட்டவில்லை. பின்வந்த திறனாய்வுகள், நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தன. இதில் சென்னை ஆய்வாளர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவர்கள் அதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் எழுதினார்கள். முதல் செய்தி ஊரெங்கும் பரவியது. இரண்டாம் செய்தி பரவவில்லை. அவர்கள் சோதித்ததும் பி வகையை. நம் தோழருக்கு இருந்ததோ சி.

கீழாநெல்லியின் புகழுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீராலும் உணவாலும் பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். கீழாநெல்லி குடித்தாலும் தணியும், குடிக்காவிட்டாலும் தணியும். பெயர் மட்டும் செடிக்குப் போகும். சி வகையில் இந்தக் கணக்கு செல்லாது. அது தொற்றியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆறு மாதத்துக்குள் தாமே விடுபடுகிறார். மற்றவரிடம் அது தங்கிவிடுகிறது. தங்கியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் ஈரல் நார்க்கட்டி இறுகிப்போகிறது. சிலருக்குப் புற்றும் வைக்கிறது. கண் மஞ்சளாகும்போது அது தொடக்கம் அன்று, முடிவுக்கு அருகில்.

தோழரிடம் எப்படி வந்தது? துருவித் துருவிக் கேட்டதில், 1990களின் தொடக்கத்தில், பள்ளிப் பருவத்தில் பேருந்து விபத்தில் தொடை முறிந்து அறுவை சிகிச்சை நடந்ததும், இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றியதும் நினைவுக்கு வந்தன. சி வைரசுக்குரிய சோதனை நம் நாட்டு இரத்த வங்கிகளில் கட்டாயமாக்கப்படாத காலம் அது. கூலிக்கு இரத்தம் விற்போர் மருத்துவமனை வாசலிலேயே நின்ற காலமும் அதுதான். உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 முதல் அவ்விற்பனை தடைசெய்யப்பட்டது.

இரத்தத்தைவிடவும் நம்மைக் கவலைகொள்ள வைப்பது ஊசி. ஊசி போடாத வைத்தியரை வைத்தியராகவே மதிக்காத ஊர்கள் நம் ஊர்கள். தகரப் பெட்டிக்குள் கண்ணாடிச் சிரிஞ்சும், வெந்நீரில் முக்கியெடுத்த ஒரே ஊசியுமாக மிதிவண்டியில் வந்தவர்களை நாமே சிறுவயதில் கண்டிருக்கிறோம். காய்ச்சலுக்கு ஓர் ஊசி, களைப்புக்கு ஓர் ஊசி. நல்லெண்ணத்தோடு செய்தாலும் வைரஸ் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. எகிப்தில் 1950களிலிருந்து 1980கள் வரை, நத்தைகளின் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. சரியாகக் கொதிக்க வைக்காத அந்த ஊசிகளே அந்நாட்டை உலகிலேயே சி வைரஸ் மிகுந்த நாடாக்கின. பின்னர் கோடிக்கணக்கானோரைச் சோதித்து, மருந்து கொடுத்து மீண்டதும் அதே எகிப்துதான். திருவிழாக்களில் ஒரே ஊசியால் பலருக்கும் பச்சை குத்துவதும் இந்தக் கணக்கில் சேரும். ஒரே பந்தியில் உண்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ, தாய்ப்பாலாலோ இது பரவாது. இதை அறியாமல் வீட்டுக்குள் தனித்தட்டு வைத்தவர்களை நாம் அறிவோம்.

மருந்தின் கதையில் எதிர்பாராத இடத்தில் ஒரு தமிழர் பெயர் வருகிறது. 1990களில் இன்டர்ஃபெரான் ஊசி இருந்தது. ஓராண்டு வரை போட வேண்டும், காய்ச்சலும் மனச்சோர்வும் வரும், இலட்சக்கணக்கில் செலவு, பலருக்குக் குணமும் ஆகாது. 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு ஒன்று, பன்னிரண்டு வாரம். விலை மாத்திரைக்கு ஆயிரம் டாலர். மொத்தம் 84,000 டாலர். அதே மருந்தை இந்தியாவில் நாட்கோ நிறுவனம் 2015 மார்ச்சில் 28 மாத்திரை கொண்ட குப்பி 19,900 ரூபாய் என்று விற்கத் தொடங்கியது. பின்னர் விலை இன்னும் சரிந்தது. இந்த வேறுபாட்டுக்கு வேர், நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த காப்புரிமை அறிக்கை. மருந்துப் பொருளுக்கு அன்று, செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்ற 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழியில் எழுந்தது. அச்சட்டத்தின் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. 2005இல் சட்டம் மாறியபோதும் தடுப்புக் கூறு ஒன்று எஞ்சியது. 2014இல் அமெரிக்க நிறுவனமான கிலியட் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்ததற்கும், 2015 சனவரியில் அதன் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று இங்கே மறுக்கப்பட்டதற்கும் பின்னணி இதுவே. 2016இல் காப்புரிமை கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குள் விலை இறங்கியிருந்தது.

2018 சூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் சோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதலில் எதிர்ப்புரதச் சோதனை. விரல் நுனி இரத்தமே போதும். அதில் தென்பட்டால் வைரஸ் இப்போதும் உள்ளதா என்பதற்கு ஆர்.என்.ஏ. சோதனை. பி வகையும் உடன் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சி அடங்கும்போது பி தலைதூக்குவதுண்டு. ஈரல் இறுகாதவருக்குச் சோஃபோஸ்புவிரும் டக்ளாட்டஸ்விரும் பன்னிரண்டு வாரம். இறுகியவருக்கு வேறு கூட்டு, சிலருக்குக் கூடுதல் காலம். வேறு மருந்துகள் உண்போர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். இறுகிய ஈரல் உள்ளவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசி மட்டும் இன்னும் வரவில்லை.

மருந்து இலவசம் என்றால் தடை எங்கே இருக்கிறது? 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன்பின் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்தது. அந்தத் துயரம் வேறு, இந்த நோய் வேறு. ஆனால் நம் மாவட்டத்தில் ஈரல் என்றாலே சாராயம் என்னும் விடை ஆயத்தமாக இருக்கிறது. குடிப்பவன் ஈரல் கெட்டால் அவனைச் சோதிப்பதற்கு முன்பே காரணம் சொல்லிவிடுகிறோம். வைரசும் மதுவும் ஒரே ஈரலில் சேர்ந்தால் இறுக்கம் இன்னும் விரையும் என்பதை யாரும் நினைப்பதில்லை. குடிக்காதவனோ தன் ஈரலைப் பற்றி நினைப்பதே இல்லை. நாடு தழுவிய ஓர் ஆய்வு நூற்றுக்கு 0.32 பேரிடம் சி எதிர்ப்புரதத்தைக் கண்டது. முந்நூறு பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம். சிறிய எண்தான். எம் கல்லூரி வளாகத்தில் அது சில வகுப்புகளுக்கு ஓர் ஆள்.

2022 வரை இம்மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி செயற்படவில்லை. முண்டியம்பாக்கத்துக்கோ சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். இப்போது சிறுவங்கூரில் இருக்கிறது. ஆனாலும் மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலி போகும். முடிவு வாங்க இன்னொரு நாள். மருந்து வாங்க மாதந்தோறும் ஒரு நாள். உடம்பில் ஒரு குறையும் தெரியாதவனை அத்தனை முறை இறங்கி வரச் சொல்வது எளிதன்று. கடுக்காயும் புளியும் சுமந்து கச்சிராயபாளையம் இறங்குபவரை அங்கேயே சந்தையில் சோதித்துவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

தோழர் மூன்று மாதம் கழித்து, நம் நச்சரிப்புத் தாங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போனார். 84 நாள் மாத்திரை. முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த சோதனையில் வைரஸ் இல்லை. எதிர்ப்புரதம் மட்டும் வாழ்நாள் முழுதும் இரத்தத்தில் இருக்கும். எனவே இரத்த வங்கி அவரிடம் இனி இரத்தம் வாங்காது. ஒவ்வோர் ஆண்டும் முகாம் நாளில் வாசலருகே மேசை போட்டு அமர்ந்து, இரத்தம் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பழச்சாறும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுக்கிறார்.