குடத்துக்குள் போகும் முன்

என் அக்கா மகன் உத்திரமேரூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து யூட்யூபில் கேம் ஆடி நேரலை போடுகிறவன். பார்க்கிறவர்கள் சாட்டில் வீடியோ லிங்க் அனுப்பினால் இடைவேளையில் அதை ஓட்டுவான். ஒருநாள் யாரோ அனுப்பிய ஆபாசத் துணுக்கு அப்படியே திரையில் ஓடிவிட்டது. பின்னால் அக்கா காபி டம்ளரோடு நின்றிருந்தாள்.

மறுநாள் ஒரு சாட் பாட்டை இணைத்தான். வரும் லிங்க் எல்லாம் முதலில் வரிசையில் நிற்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடினால், புதுக் கணக்கிலிருந்து வந்தால், தடைச்சொல் இருந்தால் பாட்டே தள்ளிவிடும். மிச்சத்தை அவன் நண்பர்கள் இருவர் பார்த்து அனுமதிப்பார்கள். ‘‘ரூல்ஸ் போட்டாச்சு மாமா, இனிமே அது பாத்துக்கும்’’ என்றான்.

இது புது ஏற்பாடு ஒன்றுமில்லை. 2016-இல் ட்விட்ச் தளம் கொண்டுவந்த ‘ஆட்டோமாட்’டும் சந்தேகமான செய்தியை நிறுத்திவைத்து மனிதரின் முடிவுக்கு விடுவதுதான். எனக்கோ எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் ஞாபகம் வந்தது.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரின் முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்க வாசிப்பான். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்தது இந்தக் குடத்தைத்தான். கல்வெட்டில் பெரிய இடம் பிடித்திருப்பதோ குடத்துக்கு முந்தைய வடிகட்டல். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் நெருங்கிய உறவினரும் கூடாது. 919-இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில், 921-இல், விதிகளைத் திருத்தி எழுதினார்கள். வயது 35 முதல் 70 ஆனது.

பெண்ணுக்கும் நிலமில்லாதவனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. சிறுவனின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அவர்கள் பெயர் வந்திருக்காது.

போன மாதம் டீக்கடையில் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் மருமகனை மடக்கினான். ‘‘எங்கப்பா கூத்து கட்டின வீடியோவ நாலு தடவ அனுப்பிட்டேண்ணா. உங்க பாட்டு உள்ளயே விடமாட்டேங்குது.’’ பையனுடையது புதுக் கணக்கு. கூத்து வீடியோ ஆறு நிமிடம். அதை எந்த மனிதனும் பார்க்கவேயில்லை. தள்ளப்பட்டது என்றுகூட அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி மருமகனிடம் கல்வெட்டுக் கதையைச் சொன்னேன். ‘‘ரெண்டு வருஷத்துல மாத்திட்டாங்களா?’’ என்று கேட்டான். பிறகு ரூல்ஸ் முழுவதையும் சாட்டின் மேலேயே ஒட்டிவைத்தான். தள்ளினால் காரணம் சொல்லும்படி பாட்டை மாற்றினான். புதுக் கணக்கு லிங்க் இப்போது தனி வரிசையில் நின்று ஒரு மனிதக் கண்ணுக்குக் காத்திருக்கிறது. ஆறு நிமிடக் கூத்தும் ஓடியது.

அந்தச் சபை பலரை வெளியே நிறுத்தியது. ஆனால் யாரை நிறுத்தினோம் என்பதைச் சுவரில் வெட்டிவைத்தது. அதனால்தான் ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் நாம் அதோடு சண்டை போட முடிகிறது.