தடுப்பதும் காட்டிக்கொடுப்பதும்

செடிக்கு ரத்தமும் இல்லை, எதிர்ப்பொருள் சுரக்கும் வெள்ளணுவும் இல்லை. விலங்கின் எதிர்ப்பொருளைச் செடிக்குள் வைத்து நோயைத் தடுக்க முப்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். சோதனைச் செடி இரண்டிலும் ஒன்றுதான், நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற புகையிலை வகை.

1993-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எடுத்தது நேர்வழி. ஆர்ட்டிசோக் செடியைத் தாக்கும் வைரஸ் ஒன்றைப் பற்றும் எதிர்ப்பொருளில், பற்றும் பகுதிகளை மட்டும் கோத்து ஒரே புரதமாக்கி, அதன் மரபணுவைச் செடியில் சேர்த்தார்கள். தொற்று குறைந்தது, அறிகுறிகள் தாமதமாகத் தெரிந்தன. ஆனால் இந்தப் புரதம் வைரஸைப் பிடிப்பதோடு சரி. பெருகிக்கொண்டே போகும் வைரஸுக்கு ஈடுகொடுக்க அதுவும் ஏராளமாக இருந்தாக வேண்டும்.

2023-இல் நார்விச் செயின்ஸ்பரி ஆய்வகத்தில் சோஃபியன் கமூன் குழு செய்தது வேறு. நெல்லில் பிக்-1 என்றொரு காவல் புரதம் உண்டு. குலை நோய்ப் பூஞ்சை செல்லுக்குள் அனுப்பும் புரதத்தை பிக்-1-இன் ஒரு துண்டு பற்றியதும், துணைப் புரதமான பிக்-2 சேர்ந்து அந்தச் செல்லையே சாகடிக்கும். நோய் அங்கேயே முடங்கும். அந்தத் துண்டை எடுத்துவிட்டு நானோபாடியைப் பொருத்தினார்கள். வழக்கமான எதிர்ப்பொருளில் பத்தில் ஒரு பங்கே எடையுள்ள இது, ஒட்டக இனத்து எதிர்ப்பொருளிலிருந்து வருவது. (ஒட்டகத்தின் இந்த விநோத எதிர்ப்பொருளை பெல்ஜிய ஆய்வாளர்கள் அறிவித்ததும் அதே 1993-இல்தான்!) இங்கே எதிர்ப்பொருளுக்கு ஒற்றன் வேலை. எதிரியைக் காட்டிக்கொடுத்தால் போதும், மிச்சத்தைச் செடி பார்த்துக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியாக் கரைசலை ஊசி இல்லாத சிரிஞ்சால் இலையின் அடிப்புறம் அழுத்தினால் ஈரத்திட்டு படரும். ஒற்றன் இலக்கைக் கண்டுவிட்டால் சில நாளில் அந்தத் திட்டு கருகிவிடும். எதிரியே இல்லாமல் கருகினால் அந்த நானோபாடி உதவாது. சில அப்படித்தான் ஆயின.

உத்தியில் பிந்தையது கெட்டிக்காரத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பரீட்சையில் முந்தையதே கடினமானது. இத்தாலியர்கள் எதிர்கொண்டது இயற்கையான வைரஸை. நார்விச்சில் தடுக்கப்பட்டதோ ஜெல்லிமீனின் ஒளிரும் புரதத்தை ஆய்வாளர்களே ஏற்றி அனுப்பிய உருளைக்கிழங்கு வைரஸ். நானோபாடி பற்றியது அந்தப் புரதத்தைத்தான்; அதை உதறினால் வைரஸுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நோய்க்கிருமி உதற முடியாத, அதுவும் செல்லுக்குள்ளேயே அகப்படும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து, அதற்கான நானோபாடியைப் பொருத்திக் காட்டும் வேலை அந்த ஆய்வுக்குப் பிறகும் மிச்சமிருந்தது.